ஒன்பதரை மணிப் புறப்பாடு

மார்ச் 13, 2020, வெள்ளி

கொரோனாவால் நாளையிலிருந்து எங்கள் ஊர் டிஸ்னிலேண்ட் பார்க் மூடல். இந்த மாதக் கடைசி வரைதான் என்று நேற்று அறிவித்தார்கள். 1955இல் திறந்த இடம். எதிர்பாராமல் மூடியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்: கென்னடி சுடப்பட்ட பிறகு ஒரு நாள், 1994 நார்த்ரிட்ஜ் பூகம்பத்தின்போது ஒரு நாள், 2001 செப்டம்பர் 11 அன்று ஒரு நாள். இப்போது முழுதாக இரண்டு வாரம்! கலிஃபோர்னியாவின் இந்த அனஹைமில் எல்லாரும் இதைத்தான் பேசுகிறார்கள்.

போன சனிக்கிழமைதான் போய் வந்தோம். பிக் தண்டர் மௌண்டன் ரயிலில் ஏற 40 அங்குலம் உயரம் வேண்டும். மகன் 38½. அளவுக்கோல் அவன் தலைக்கு மேலே தாராளமாகப் போனது. வாசலிலேயே அழுகை. அம்மா அன்றைக்கு வரவில்லை. ஜனவரியில் கும்பகோணத்திலிருந்து வந்தவள், டிக்கெட் குறைந்தது 104 டாலர் என்றதும் மனக்கணக்குப் போட்டாள். "ஏழாயிரத்து ஐந்நூறா? மூணு மாச மளிகை வாங்கிடலாமேடி. காசு குடுத்துத் தலை சுத்தணுமா?" அப்புறம் பேரன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏப்ரலில் ஊருக்குக் கிளம்புமுன் ஒரு நாள் வருகிறேன் என்று இறங்கி வந்தாள்.

மார்ச் 28, 2020, சனி

திறக்கும் தேதி சொல்ல முடியாது என்று நேற்று சொல்லிவிட்டார்கள். இந்தியாவுக்கு விமானம் நின்று ஒரு வாரமாகிறது. அம்மாவின் ஏப்ரல் டிக்கெட்டும் போச்சு.

எங்கள் அடுக்ககம் பார்க்கிலிருந்து ஒன்றரை மைல். ராத்திரி ஒன்பதரைக்கு வாணவேடிக்கை விடுவார்கள், கோடையில் தினமும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் வார இறுதியில். பார்க்க முடியாது, சத்தம் மட்டும் வரும். ஜனவரியில் முதல் தடவை கேட்டபோது அம்மா கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, "எந்தக் கோயில்லடி சாமி புறப்பாடு?" என்றாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். "சாமி புறப்பட்டாச்சு, பையனைப் படுக்கப் போடு" என்பாள்.

இரண்டு வாரமாகச் சாமி புறப்படவில்லை. ஒன்பதரைக்கு அவளே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.

மே 11, 2020, திங்கள்

ஷாங்காயில் டிஸ்னி பார்க்கைத் திறந்துவிட்டார்கள். ஜனவரி 25இல் முதலில் மூடியதும் அதுதான். முகக்கவசம் போட்ட கூட்டம், தரையில் நிற்க வேண்டிய இடத்துக்குக் குறி. வீடியோவை மகன் நான்கு தடவை பார்த்தான். கார் எடுத்துக்கொண்டு அங்கே போய்விடலாம் என்கிறான்.

ஜூன் 25, 2020, வியாழன்

டிஸ்னிலேண்டின் பிறந்தநாளான ஜூலை 17 அன்றே திறப்போம் என்று இரண்டு வாரம் முன்பு சொன்னார்கள். சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தேன். நேற்று அதுவும் ஒத்திவைப்பு. மாநில அரசின் விதிமுறைகள் ஜூலை 4க்கு முன் வராதாம்.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் மதில் இந்தப் பக்கமிருந்து சொன்னேன். மெக்சிகோவிலிருந்து வந்து முப்பது வருடமாகிறது. இங்கே ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை, மார்ச்சிலிருந்து இல்லை. பார்க்கில் வேலை செய்கிறவர்களின் சங்கங்களே அவசரப்படாதீர்கள் என்றுதான் சொல்கின்றன. அவளிடம் கேட்டால், "திறந்தால் உயிருக்குப் பயம், திறக்காவிட்டால் வாடகைக்குப் பயம்" என்கிறாள். என் சிவப்பு வட்டத்தை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நாங்கள் காத்திருப்பது ஒரு ரயிலுக்கு. அவள் காத்திருப்பது சம்பளத்துக்கு.

ஜூலை 12, 2020, ஞாயிறு

ஃப்ளோரிடாவில் நேற்று டிஸ்னி வேர்ல்ட் திறந்தது. இன்று அந்த மாநிலத்தில் ஒரே நாளில் 15,000க்கு மேல் புதிய தொற்று. இரண்டு செய்தியும் ஒரே திரையில், மேலும் கீழுமாக. பின்னதற்கு முன்னது காரணமில்லைதான். ஆனாலும் பார்க்க என்னவோ போலிருந்தது.

ஜப்பானில் வேறு கூத்து. அலறினால் எச்சில் தெறிக்கும் என்று, ரோலர் கோஸ்டரில் கத்தாதீர்கள் என்கிறார்கள். ஃபுஜி-க்யூ பார்க்கின் இரண்டு அதிகாரிகள் தாங்களே ஏறி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சுற்றிவந்து வீடியோ போட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு வரி: மனசுக்குள் அலறிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "இதைத்தானே நாங்கள்லாம் கல்யாணம் ஆனதிலேர்ந்து பண்றோம்" என்று கீரை ஆய்வதைத் தொடர்ந்தாள்.

ஜூலை 17, 2020, வெள்ளி

அறுபத்தைந்தாம் பிறந்தநாள். ஹார்பர் சாலை வழியாகக் காரில் போனோம். வெளியே இருக்கும் கடைத்தெருவை மட்டும் போன வாரம் திறந்திருக்கிறார்கள். இறங்கவில்லை. ஹாங்காங்கில் ஜூன் 18இல் திறந்ததை இரண்டு நாள் முன்பு திரும்ப மூடிவிட்டார்கள்.

அம்மாவின் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது.

செப்டம்பர் 30, 2020, புதன்

டிஸ்னி 28,000 பேரை வேலையிலிருந்து நீக்குகிறதாம், அதில் மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேரக்காரர்கள். பக்கத்து வீட்டில் இன்று ஸ்பானிஷில் நெடுநேரம் போன் பேச்சு. மாலையில் அம்மா ஒரு டப்பா நிறைய லெமன் சாதம் கொடுத்தனுப்பினாள். டப்பா திரும்பி வந்தபோது உள்ளே தமாலே. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பது அங்கேயும் உண்டு போலிருக்கிறது.

அக்டோபர் 20, 2020, செவ்வாய்

விதிமுறைகள் ஒருவழியாக வந்தன. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கவுன்ட்டிக்கும், அதாவது மாவட்டத்துக்கும், தொற்றைப் பொறுத்து ஒரு நிறம்: ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். பெரிய பார்க்குகள் மஞ்சள் வந்தால்தான் திறக்கலாம், அதுவும் கால்வாசிக் கூட்டத்தோடு. மஞ்சள் என்றால் லட்சம் பேருக்கு ஒரு நாளில் சராசரியாக ஒரு புதிய தொற்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். எங்கள் கவுன்ட்டியின் பெயர் ஆரஞ்சு, இப்போதைய நிறம் சிவப்பு, வேண்டியது மஞ்சள். இதை அம்மாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. "மஞ்சள்தானே வேணும், வாசல்ல நான் பூசி விடறேன்" என்றாள்.

பக்கத்து ஊரான பியூனா பார்க்கில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற இன்னொரு ராட்டினப் பூங்காவைச் சாப்பாட்டுக்கு மட்டும் திறந்திருக்கிறார்கள். உள்ளே போய் பாய்சன்பெர்ரிப் பழப் பதார்த்தங்களைத் தின்றுகொண்டே, ஓடாமல் நிற்கும் ரோலர் கோஸ்டரை அண்ணாந்து பார்க்கலாம். நம்ம ஊர்த் தேர்முட்டியில் பொரி வாங்கித் தின்கிற மாதிரி.

படுக்கையறை நிலைக்கால் பக்கத்தில் அம்மா பென்சிலால் கோடு போட்டு வருகிறாள். இன்று 39¾.

ஜனவரி 28, 2021, வியாழன்

அம்மா ஒருவழியாக டிஸ்னிலேண்டுக்குப் போனாள்.

இரண்டு வாரமாகப் பார்க்கின் கார் நிறுத்துமிடம் ஒன்றுதான் கவுன்ட்டியின் பெரிய தடுப்பூசி மையம். 65 வயது தாண்டியவர்களுக்குப் போடுகிறார்கள். விசிட்டர் விசாவில் வந்தவளுக்குப் போடுவார்களா என்று எனக்குப் பயம். யாரும் விசா கேட்கவில்லை. அம்மாவுக்கு வேறு கவலை, என்ன புடவை கட்டுவது. கடைசியில் அரக்கு நிறச் சுங்குடி, ரவிக்கைக் கை தளர்வாக இருப்பது, மேலே என் கணவரின் குளிர்கோட்டு.

பெரிய வெள்ளைக் கூடாரங்கள். கார்களுக்குப் போட்ட வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் கயிறு கட்டி வளைத்து வளைத்து வரிசை. இந்த ஊருக்கு வரிசை விடுவதில் உள்ள அனுபவம் வேறு யாருக்கு உண்டு? எல்லாம் வெள்ளைத் தலைகள், சக்கர நாற்காலிகள், வியட்நாமியத் தாத்தாக்கள், ஸ்பானிஷ் பாட்டிகள். அவளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஊசி போட்டதும் பதினைந்து நிமிடம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அம்மா சுற்றிலும் பார்த்தாள்.

"ராட்டினம் எங்கேடி?"

"அது உள்ளே இருக்கும்மா, இங்கேர்ந்து தெரியாது."

"அப்ப இது வெளிப் பிரகாரம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பது மாதிரி ஒரு திருப்தி முகத்தில். டிசம்பர் முழுக்க இரவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டு கிடந்த பிறகு, எனக்கு அந்தக் கார் நிறுத்துமிடமே பெரிய வேடிக்கையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகன் குறுக்கு விசாரணை. அம்மாச்சி மட்டும் எப்படிப் போகலாம்? மிக்கி இருந்ததா? "இருந்துது ராசா, கையில கிள்ளிட்டுப் போயிட்டுது" என்று பஞ்சு ஒட்டிய இடத்தைக் காட்டினாள்.

மார்ச் 17, 2021, புதன்

ஏப்ரல் 30 திறப்பு! இந்தத் தடவை நிஜம் போலத்தான் தெரிகிறது. இந்த மாத ஆரம்பத்தில் விதியைத் தளர்த்தி, சிவப்பிலேயே 15 சதவீதக் கூட்டத்தோடு ஏப்ரல் முதல் திறக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கலிஃபோர்னியாவாசிகள் மட்டும்தான்.

பதினான்கு மாதம் இங்கே இருந்து, இங்கேயே ஊசியும் போட்டுக்கொண்டு, எங்கள் நிலைக்காலில் கோடு போட்டவள் கலிஃபோர்னியாவாசி இல்லை. சட்டப்படி சரிதான். அவள் சனிக்கிழமை கிளம்புகிறாள், எப்படியும் வரப்போவதில்லை. ஆனாலும் எனக்குத்தான் சுருக்கென்றது. அவளுக்கு அதெல்லாம் இல்லை. பெட்டியில் புளி இருந்த இடத்தில் பாதாம் பாக்கெட்டுகளை அடுக்குவதில் மும்முரம்.

மார்ச் 22, 2021, திங்கள்

சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானம், ஜனவரியில் தொடங்கியது. முதல் பயணத்தை விமானி அறையில் முழுக்கப் பெண்களே ஓட்டினார்கள் என்று நான் சொன்னதை அம்மா பிடித்துக்கொண்டு, தன்னையும் அவர்களே ஓட்டிச்சென்றதாகத்தான் சொல்கிறாள். தம்பி கார் எடுத்துக்கொண்டு பெங்களூர் வந்திருந்தான். வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நிலைக்காலில் கடைசிக் கோடு அவள் போட்டது, 41. பக்கத்தில் தமிழில் தேதி எழுதியிருக்கிறாள்.

ஏப்ரல் 30, 2021, வெள்ளி

திறந்துவிட்டது. தொலைக்காட்சியில், உள்ளே வருகிறவர்களைப் பார்த்து ஊழியர்கள் கையாட்டுகிறார்கள், பெரியவர்கள் அழுகிறார்கள். எங்களுக்கு மே 15க்கு டிக்கெட்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது பாதிக் கண்ணால். மீதி போனில். ஊரில் படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை. தம்பிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல்.

மே 15, 2021, சனி

போகவா வேண்டாமா என்று நேற்றிரவு வரை பேசினோம். தமிழ்நாட்டில் பத்தாம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. தம்பிக்குக் காய்ச்சல் விட்டாலும் இருமல் விடவில்லை. அம்மாதான் போனில் சத்தம் போட்டாள்: "நீ அங்கே சோறு தண்ணி இல்லாம உக்காந்தா இங்கே இவனுக்கு இருமல் நிக்குமா? பிள்ளையைக் கூட்டிட்டுப் போ."

போனோம். வாசலில் வெப்பமானி, எல்லாருக்கும் முகக்கவசம். கூட்டம் இல்லாததால் தரை தெரிந்தது. இத்தனை வருடத்தில் அங்கே தரை என்ன நிறம் என்று நான் கவனித்ததே இல்லை. மிக்கி தூரத்தில் நின்று கையசைத்தது, கட்டிப்பிடிக்கக் கூடாது. ஊர்வலம் இல்லை, வாணவேடிக்கை இல்லை.

பிக் தண்டர் வாசலில் மகனை நிறுத்தினார்கள். அளவுக்கோல் அவன் முடியைத் தட்டி நின்றது. ஊழியர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவன் விறைத்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வேண்டாமா?" என்றான். கேள்வியா விண்ணப்பமா என்று புரியவில்லை. பதினான்கு மாதம் அங்குலம் அங்குலமாக வளர்ந்தவனுக்குக் கிட்டே வந்ததும் பயம். அப்பா மடியோரம் ஒட்டிக்கொண்டு ஏறினான். ரயில் ஆட்டுக்கல் மாதிரி கடகடவென்று கிளம்பியதும் நான் அலறிய அலறலில், முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மனசுக்குள் அலறுவதெல்லாம் எனக்கு வரவில்லை. இறங்கிய பிறகும் நிறுத்த முடியவில்லை, அது அழுகையாகிவிட்டது. மகன் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, "பயப்படாதம்மா, முடிஞ்சிடுச்சு" என்றான்.

அப்புறம் அதிலேயே இன்னும் மூன்று தடவை.

ஜூன் 15, 2021, செவ்வாய்

கலிஃபோர்னியாவில் நிறங்களெல்லாம் இன்றோடு போயின. இனி பார்க்குக்கு எந்த ஊர்க்காரரும் வரலாம், அம்மாவும்தான். ஆனால் மே 4 முதல் இந்தியாவிலிருந்து அவள் போன்றவர்கள் அமெரிக்காவுக்குள்ளேயே வர முடியாது. பெரிய கதவைத் திறந்தால் சின்னக் கதவைச் சாத்துகிறார்கள், சின்னதைத் திறந்தால் பெரியதை. தம்பி தேறிவிட்டான்.

பக்கத்து வீட்டம்மாளை ஹோட்டலில் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள், வாரம் மூன்று நாள்.

ஜூலை 4, 2021, ஞாயிறு

இன்றிலிருந்து டிஸ்னியில் திரும்ப வாணவேடிக்கை. ஒன்பதரைக்கு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைக்கலாம் என்று பால்கனிக்குப் போனோம். அங்கே காலை பத்து மணி, சரியாக இருக்கும்.

சுதந்திர தினம் என்பதை மறந்துவிட்டேன். ஊரே வெடிக்கிறது. முன் தெரு, பின் தெரு, எதிர் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடம், எல்லா இடத்திலும். இதில் பார்க்கினுடையது எது என்று யார் கண்டார்? மகன் மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் "இதுதான், இதுதான்" என்கிறான்.

நாலாவது மணியில் அம்மா எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல். ஊரடங்குத் தளர்வில் கோயில்களை இன்றுதான் திறந்திருக்கிறார்களாம், கும்பேசுவரர் கோயில் வரிசையில் நிற்கிறாள். "அம்மா, சாமி புறப்பட்டாச்சு, கேக்குதா?" என்று போனை வெளியே நீட்டினேன்.

"என்னது? இங்கே மணி அடிக்குதுடி, ஒண்ணும் கேக்கலை. வரிசை நகருது, அப்புறம் பேசறேன்."