காது கொடுத்தவர்கள்

பாண்டில் பாடுகிறவனுக்குச் சுமக்கச் சொந்தக் கருவி கிடையாது. அதனால் மற்றவர்களின் கருவிகளை அவன்தான் அதிகம் சுமப்பான். 2004-இல் சென்னைப் பெரம்பூரில் ஒரு ராக் பாண்டில் சேர்ந்தபோது என் முதல் வேலையே அதுதான். டிரம்மர் வீடு இரண்டாவது மாடி. கச்சேரி நாளில் பேஸ் டிரம்மை நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அந்தக் குறுகலான படியில் பக்கவாட்டில் நடந்து இறக்குவோம். சிம்பல் தட்டுகளை அவன் பாட்டியின் பழைய நூல் புடவையில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்வேன்.

ராக் பாடப் பெரம்பூரா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். ரயில்வே பணிமனைகளைச் சுற்றி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. எங்கள் கிட்டாரிஸ்ட் அப்படியொரு வீட்டுப் பையன், சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவன். நான் வந்த வழி வேறு. கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளை மேடைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து கேட்டவன். ஏ. ஆர். ரகுமானே சினிமாவுக்கு வருமுன் சென்னையில் ராக் பாண்டில் கீபோர்டு வாசித்தவர்தான் என்று சொல்லித்தான் அப்பாவைச் சமாளித்தேன்.

ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை டிரம்மர் வீட்டில் ஒத்திகை. கேபிள் அறுந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதன் முனையில் மாட்டும் ஜாக் வாங்கி வந்து நாங்களே பற்றவைப்போம். அதெல்லாம் பெரிய கஷ்டமில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை என்பதுதான் கஷ்டம். சின்ன அறை, டிரம்ஸ் காதோரம். கேட்கவில்லையே என்று கத்தினேன். மூன்று மாதத்தில் தொண்டை போய்விட்டது. குரல் நாண் வீங்கியிருக்கிறது, இரண்டு வாரம் பேசாதே, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டர்.

திரும்பி வந்த அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது பாட்டில்தான் கவனித்தேன், உச்சத்தில் தொண்டை இழுக்கவில்லை. கிட்டாரிஸ்ட்டும் பேஸ் வாசிப்பவனும் எல்லாக் கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்த்திருந்தார்கள். நான் பேசாமல் இருந்த இரண்டு வாரமும் அவர்கள் அந்தத் தாழ்ந்த சுருதியில் வாசித்துப் பழகியிருக்கிறார்கள். என் தொண்டைக்காக யாரோ மெனக்கெட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் ஒரு கல்லூரி விழா. செட்டப்பும் சேர்த்து இருபது நிமிடம். முதல் வரி பாடியதுமே மைக் 'கூ'வென்று ஊளையிட்டது. அரசியல் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போட்டுப் பழகிய சவுண்ட் அண்ணன் ஓடிவந்து என் விரல்களைப் பிடித்து நகர்த்தினார். "தம்பி, அது கழுத்தை நெரிக்காத." வலைக்குக் கீழே பின்பக்கம் ஒலி நுழைய வழி வைத்திருக்கிறார்கள், அந்த வழி திறந்திருந்தால்தான் மைக் பின்னாலிருந்து வருவதைத் தள்ளிவிடும். நான் ஸ்டைலாகப் பொத்திப் பிடித்ததில் அது நாலாபக்கமும் கேட்க ஆரம்பித்து, ஸ்பீக்கரில் வந்த சத்தத்தையே மறுபடி மறுபடி விழுங்கியிருக்கிறது. பாடுகிறவனுக்குக் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரையும் மைக்கின் முதுகுப் பக்கம் திருப்பி வைத்தார். "மானிட்டர்ல என்ன வேணும்?" எல்லாம் வேண்டும் என்றேன். "எல்லாம் வேணும்னா ஒண்ணும் கேக்காது. உன் குரல், கொஞ்சம் ஸ்நேர் டிரம். போதும்." அன்றுதான் மேடையில் என் குரல் எனக்குக் கேட்டது.

அதுவரை மற்ற பாண்டுகளின் ஆங்கிலப் பாட்டுகளைத் திரும்பப் பாடும் கவர் பாட்டுகள்தான். சொந்தமாகத் தமிழில் ஒன்று எழுதினோம். 'என்னை விடு' என்று முடியும் வரி. அந்த 'வி'யில் நான்கு அடி நீட்டி நிற்பேன். சமையலறையிலிருந்து பாட்டி எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, எந்த வீட்டைப் பத்திப் பாடுறீங்க?" எங்கள் யாருக்கும் உறைக்காதது அவருக்குக் கேட்டுவிட்டது. குறிலை நீட்டினால் தமிழில் வேறு சொல்லாகிவிடுகிறது. நீட்டி நிற்க நெடில் வேண்டும். வரியை 'என்னை விட்டுப் போ' என்று மாற்றினோம். 'விட்டு'வில் வரும் ஒற்று ஸ்நேர் அடியோடு சேர்ந்து விழுந்தது. 'போ'வில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். தமிழில் ராக் எடுபடாது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த 'ட்டு'தான் நினைவுக்கு வரும்.

அந்தப் பாட்டை முதலில் பாடிய இரவு நாங்கள்தான் கடைசி பாண்டு. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. எங்களை ஏற்றும்போது மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. பட்டியலில் நான்கு பாட்டு, நேரமோ ஒன்றுக்குத்தான். டிரம்மர் என்னைப் பார்த்தான். நான் விரலை மடக்கி 'ட்டு' என்று காற்றில் தட்டிக் காட்டினேன். அவ்வளவுதான், தாளம் எண்ண ஆரம்பித்துவிட்டான்.

வீடு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. பேஸ் டிரம் சுவரில் இடிக்காமல் படியில் ஒவ்வொரு அடியாக ஏற்றினோம். பாட்டி கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்.

"'போ' சரியாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு பாட்டி."

சரி, சாப்பிட வாங்க என்று எழுந்து போனார்.