நிக்கிற ஜெனரேட்டர்ல 10 கிலோவாட்டு

காரைக்குடி பக்கத்துல ஒரு பழைய செட்டியார் வீடு, இப்ப ஹோட்டலா ஓடுது, அங்க சோலார், பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் மூணுல எது எப்ப ஓடணும்னு முன்னாடியே கணக்குப் போட்டுக் குடுக்குற வேலை எனக்கு. பேட்டரி சார்ஜ் ஏறி இறங்குறது வெறும் சமன்பாடு, அதுல தொல்லை இல்ல. ஒரு நாளை 15 நிமிஷமா வெட்டினா 96 துண்டு, ஒவ்வொரு துண்டுலயும் ஜெனரேட்டர் ஓடுமா நிக்குமாங்கிறதுதான் தலைவலி, ஏன்னா பாதி ஓடுற ஜெனரேட்டர்னு ஒண்ணு கிடையாதே.

ஓடினா 5-லேருந்து 15 கிலோவாட்டுக்குள்ள ஓடணும் (கம்மி லோடுல ரொம்ப நேரம் விட்டா டீசல் சரியா எரியாம கரி புடிக்கும்), நின்னா சைபர். நான் படிச்ச பழக்கத்துல ஓடினா 1, நின்னா 0-ன்னு ஒரு வேரியபிள் வச்சு பிக்-எம் போட்டேன் (ஜெனரேட்டர் குடுக்குற கரண்டு, எம்ங்கிற ஒரு பெரிய எண்ணை அந்த 0, 1-ஆல பெருக்கினதைத் தாண்டக்கூடாதுன்னு ஒரு விதி), எம் எவ்வளவுன்னு யோசிக்க சோம்பல்பட்டு 10 லட்சம்னு அடிச்சுவிட்டேன்.

ஷெட்யூல ஜெனரேட்டர் பாக்குற அண்ணன்கிட்ட நீட்டினேன். வளவுல தூண்ல சாஞ்சுக்கிட்டே பாத்தவரு, "தம்பி, மூணு மணிக்கு நிறுத்தம்னு இருக்கு, பக்கத்துலயே 10 கிலோவாட்டுன்னும் இருக்கு, நிறுத்துன வண்டி எங்கிட்டு இருந்துய்யா கரண்டு குடுக்கும்?"ன்னாரு.

மானம் போச்சு. சமன்பாட்டைத் தீக்குற சாஃப்ட்வேர், அதான் சால்வர், 0.00001-ஐயும் சைபர்னுதான் ஏத்துக்கும், அதை 10 லட்சத்தால பெருக்கிப் பாருங்க, சரியா 10.

அப்புறம் அவரையே கேட்டேன், நீங்க எப்படிண்ணே ஓட்டுறீங்கன்னு. "ஸ்டார்ட் பண்ணிட்டா அரைமணி நேரம் கைவைக்க மாட்டேன். போர் மோட்டார் ஓடுறப்ப லாண்டரி மிஷின போட விடமாட்டேன்." அவ்வளவுதான். 1994-ல ராமன், கிராஸ்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதின தர்க்க மாடலிங்கும் இதேதான் கேக்குது: ஒண்ணு இந்தப் பெட்டி, இல்ல அந்தப் பெட்டி (ஓடுறது ஒண்ணு, நிக்கிறது இன்னொண்ணு), ஒவ்வொண்ணுக்குள்ளயும் அதோட சமன்பாடு, பெட்டிகளுக்கு நடுவுல "இது நடந்தா அது நடக்கணும்"னு விதி. பையோமோங்கிற பைத்தான் மாடலிங் கருவியில அதை அப்படியே எழுத முடியுது, 0-1 ஆக்குற வேலைய அதுவே பாத்துக்கும். ஆசைக்கு ஹல் முறையிலயும் (எம் இல்லாம, பெட்டிக்கு ஒரு தனி வேரியபிள் வச்சு 0-1 ஆக்குற இன்னொரு வழி) போட்டுப் பாத்தேன், ஜெனரேட்டர் பெட்டிக்கு எம்மை 15-னு வச்சா ரெண்டும் ஒரே சமன்பாடாத்தான் வருது, நான் 10 லட்சம் போட்டதுதான் கூத்து.

அரைமணி விதி ரெண்டே வரி: இந்தத் துண்டுல ஸ்டார்ட் ஆனா இதுலயும் அடுத்ததுலயும் ஓடணும். லாண்டரி விதியையும் சேத்துட்டு பெருமையா வீட்டுக்கார ஆச்சிகிட்ட காட்டினா, அவுக சிரிச்சுக்கிட்டே "கல்யாணம் காச்சின்னா ரெண்டும்தாம்ப்பா ஓடும், அண்ணைக்கு யாரு கேப்பா"ன்னாக.

திரும்ப லேப்டாப்பத் தொறந்தேன்.