சீல் புதுசு, ஒழுகல் பழசு

கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலை அடைக்கும் பின்சீலை மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் அடியில் மறுபடியும் ஆயில் சொட்டுகிறது என்றால், சீல் விற்ற கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் என்ஜினின் வயிற்றுக்குள் எவ்வளவு காற்று அடைத்துக் கிடக்கிறது என்று பாருங்கள். பழைய டாடா 1613, 2515 வண்டிகளில் வந்த கம்மின்ஸ் 6பிடி 5.9 என்ஜினை வைத்தே இதை எழுதுகிறேன். பம்ப், கவர் இருக்கும் இடம், சீல் வகை, முறுக்கு அளவு மாறுமே தவிர, மற்ற பழைய லாரி என்ஜின்களுக்கும் அடிப்படைக் கணக்கு இதேதான்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே இறங்கும் புகைக்குப் பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்று பெயர். அது வெளியேற ஒரே வழி ப்ரீதர் குழாய். அதில் மண்ணும் ஆயில் கசடும் சேர்ந்து அடைத்தாலோ, ரிங் தேய்ந்து புகை கூடினாலோ, உள்ளே அழுத்தம் ஏறும். அப்போது எந்த சீல் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். அந்த சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான இடம் ஒழுகும். அதனால் முதல் வேலை, ப்ரீதர் குழாயைக் கழற்றி டீசலில் ஊறவைத்துக் கழுவி, ஏர் அடித்து, மறுமுனையில் தாராளமாகக் காற்று வருகிறதா என்று பார்ப்பது. செலவில்லாத இந்த வேலையைத்தான் பலரும் கடைசியில் செய்கிறார்கள்.

அடுத்து அழுத்தத்தை அளக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பி அந்தத் துளையின் மேலேயே வைத்து, அது ஆடுகிறதா பறக்கிறதா என்று பார்ப்பது அவசரத்துக்கு உதவும், அளவு சொல்லாது. பழைய மூடி ஒன்றில் ஓட்டை போட்டு நிப்பிள் வைத்து, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் இரண்டு மீட்டர் மாட்டுங்கள். ட்யூபின் மறுபாதியை 'ப' வடிவத்தில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். டிப்ஸ்டிக் குழாயில் மட்டும் மாட்டாதீர்கள். சில என்ஜின்களில் அதன் அடிமுனை ஆயிலுக்குள் முங்கியிருக்கும், அளவு பொய் சொல்லும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்திப் பாருங்கள். இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு அங்குலம்போல வித்தியாசம் வந்தால் பயமில்லை. சுத்தமான ப்ரீதர் இருந்தும் நான்கைந்து அங்குலம் ஏறினால், எத்தனை சீல் போட்டாலும் நிற்காது.

அதற்காக உடனே என்ஜினை இறக்கிவிடவும் வேண்டாம். ஏர் பிரேக் வண்டியில் ஏர் கம்ப்ரஸருக்கும் என்ஜின் ஆயில்தான் போகிறது. அதன் ரிங் தேய்ந்தால் அதன் காற்றும் என்ஜினுக்குள்தான் இறங்கும். ஏர் டேங்கைக் காலி செய்து, காற்று ஏறும்போது நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் நிரம்பி 'புஸ்' என்று கட் ஆன பிறகு மட்டம் சட்டென்று இறங்கினால் குற்றவாளி கம்ப்ரஸர். டேங்க் வடிகாலில் ஆயில் கலந்த தண்ணீர் வருவதும் அதற்குச் சாட்சி. டர்போ சீல் போனாலும் அதன் காற்று என்ஜினுக்குள் இறங்கும். ஆனால் அந்தக் கோளாறு நின்ற இடத்தில் தெரியாது, ஏனென்றால் பாரம் இல்லாமல் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், வராது. ட்யூபை கேபினுக்குள் கொண்டுவந்து, ஏற்றத்தில் லோடோடு போகும்போது பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த இரண்டும் இல்லையென்றால்தான் ரிங், லைனர் பேச்சு.

அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஒழுகுகிறது என்றால் இடத்தைத் தேட வேண்டும். டீசலோ மண்ணெண்ணெயோ போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஏர் அடித்து ஈரம் போகக் காயவையுங்கள். சந்தேகப்படும் இடத்தில் டால்கம் பவுடரைத் தூவி இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஆயில் கீழேயும், ஃபேன் காற்றில் பின்னாலேயும் போகும். அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரமானவற்றில் உயரமானதும் முன்னால் இருப்பதுமான இடத்தைப் பிடியுங்கள்.

பெல் ஹவுசிங்கில் சொட்டினால் எல்லோரும் பின்சீல் என்றே முடிவு கட்டுகிறார்கள். கியர்பாக்ஸை இறக்கியபின் பின்சீல் காய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது கூலி போயிருக்கும். முதலில் விரலில் தொட்டு மோந்து பாருங்கள்: கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில், கியர்பாக்ஸ் இன்புட் சீலின் வேலை. என்ஜின் ஆயில்தான் என்றால் நாசிலுக்கு டீசல் தள்ளும் எஃப்.ஐ. பம்ப் இருக்கும் பக்கம் பிளாக்கைத் தடவுங்கள். அங்கே பம்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் டேப்பெட் கவர், அதாவது டேப்பெட் அறையை மூடும் தகரம்தான் 6பிடியின் நிரந்தர நோயாளி. அதன் கேஸ்கட் வெந்து விறைத்ததும் ஆயில் பிளாக் ஓரமாகவே பின்னால் ஓடி, பின்சீல் போனதுபோல் வேடம் காட்டும். கேம் ஷாஃப்ட்டின் பின்முனையில் இருக்கும் தட்டு ப்ளக்கும் இதே வேடம் போடும். ஆனால் அதைப் பார்க்க ஃப்ளைவீல் இறங்கியாக வேண்டும்.

டேப்பெட் கவருக்குப் போக டீசல் பைப்புகளைக் கழற்ற வேண்டும். கழற்றிய வாய்களை உடனே மூடுங்கள், ஒரு துளி மண் போதும் நாசிலைக் கெடுக்க. தகரக் கவரில் போல்ட் ஓட்டையைச் சுற்றி உள்வாங்கியிருக்கும், பழைய ஆள் முறுக்கிய முறுக்கு அது. சமதளப் பலகையில் வைத்துத் தட்டி நேராக்காமல் புது கேஸ்கட் போடுவது வீண். போல்ட் தலையடியில் வரும் ரப்பர் வாஷரும் புதுசாக வேண்டும். முறுக்கு 24 நியூட்டன் மீட்டர். ஆறு ராக்கர் கவர் போல்ட்டுகளுக்கும் அதே அளவுதான். ஒழுகுகிறதே என்று இன்னும் அரைச் சுற்று முறுக்குவதுதான் அடுத்த ஒழுகலுக்கு விதை.

பின்சீலேதான் என்றால், மாட்டும் முறையில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். ரப்பர் சீலுக்கு ஆயில் தடவிப் பழகிய கை, இதற்கும் தடவும். இது டெஃப்ளான் உதடு. கிராங்கும் உதடும் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும், ஒரு சொட்டு ஆயில் படக்கூடாது. ஓட ஓட டெஃப்ளான் மெல்லிய படலமாகக் கிராங்கில் படிவதால்தான் அடைப்பு உண்டாகிறது. ஆயில் தடவினால் அந்தப் படலம் படியாது. கிட்டில் வரும் பிளாஸ்டிக் வளையத்தின் வழியே மட்டும் ஏற்றுங்கள், கையால் உதட்டை விரிக்காதீர்கள். மாட்டிய பிறகு நான்கு மணி நேரம் கிராங்கைச் சுற்றாமல் விட்டால் உதடு தன் வடிவத்துக்குத் திரும்பும். கிராங்கில் நகம் தடுக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் எமரி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்மான ஸ்லீவோடு வரும் சீல் கிட்டை வாங்குங்கள், அல்லது உதடு புது இடத்தில் உட்காரும்படி சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி இறக்குங்கள். முன்சீலுக்கும் இவையெல்லாம் பொருந்தும்.

என்ஜினின் முன்பக்க டைமிங் கியர் கவரைத் திறந்தால் ஒரு வேலையைச் சேர்த்தே முடித்துவிடுங்கள். கியர் கேஸைப் பிளாக்கோடு நேராக நிறுத்தும் சின்ன எஃகு டவல் பின், அதிர்வில் மெல்ல நழுவி வெளியே வரும். டைமிங் கியருக்குள் விழுந்தால் கேஸ் உடையும், கேம்கூடப் போகலாம். பக்கத்து போல்ட் அடியில் ஒரு சிறு தகடு வைத்துப் பின்னின் வாயை மறைத்துவிட்டால் போதும், கால் மணி நேர வேலை.

என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் கேஸ்கட்டில் பேஸ்ட் வேண்டிய இடம் நான்கே நான்கு: முன்னால் கியர் கேஸும் பின்னால் சீல் ஹவுசிங்கும் பிளாக்கோடு சேரும் மூலைகள். சுற்றிலும் அனபாண்ட் பேஸ்டைப் பிதுக்கி வைத்தால், உள்ளே வழிந்த பகுதி பிய்ந்து, ஆயிலை வடிகட்டி உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரில் போய் உட்காரும். பேஸ்ட் வைத்தால் இரவு முழுக்கக் காயவிட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும். ட்ரெயின் ப்ளக்கின் செம்பு வாஷரைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயர் முனை வழியே கசிந்தால் சுவிட்சையே மாற்றுங்கள், அதை அடைக்க வழி கிடையாது.

15டபிள்யூ-40 போட வேண்டிய இடத்தில் கெட்டி ஆயிலை ஊற்றி ஒழுகலை மறைப்பது இங்கே சகஜம். கொஞ்ச நாள் குறையத்தான் செய்யும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அந்த ஆயில் டர்போ பேரிங்குக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். பேரிங் தேய்ந்தால் டர்போ சீல் விடும், பூஸ்ட் காற்று வடிகால் குழாய் வழியே சம்ப்புக்கு இறங்கும், ட்யூபில் தண்ணீர் மறுபடி ஏறும்.