ஸ்ரீபுரம் வந்தால் நின்றுவிடும் வேன்

எங்களுடையது 1998 மாடல் ஆம்னி வேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. விடியற்காலையில் அணைக்கட்டிலிருந்து முள்ளு கத்திரிக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகும்போது ஒரு தொந்தரவும் இருக்காது. பதினோரு மணி வெயிலில் திரும்பும்போதுதான் வம்பு. ஸ்ரீபுரம் பொற்கோயில் கூட்டத்துக்குள் முதல் கியரில் ஊர்ந்து போகையில் இரண்டு தடவை விக்கிவிட்டு இன்ஜின் அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. அரை மணி நேரம் நிழலில் தள்ளி வைத்தால் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும்.

மெக்கானிக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடும், அங்கே நன்றாகவே ஓடும். அதனால் ஊகத்திலேயே வேலை நடந்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார்கள், இன்ஜினுக்குள் நெருப்புப் பொறி அடிக்கும் மூன்று பிளக்கும் புதிது போட்டார்கள். அடுத்த வாரமே மறுபடி அதே இடத்தில் நின்றது.

தொரப்பாடிப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்தான் வழி காட்டினார். "சூட்டுல நிக்கிற வண்டின்னா ஒண்ணு பெட்ரோல் வராது, இல்லன்னா கரண்ட் வராது தம்பி. ஆறிப்போனதப் பார்த்து நான் இன்னா சொல்றது? நின்னுக்கினு இருக்கும்போதே பாரு."

ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வண்டி ஊர்ந்தால் காற்று பாயாது, சூடு அங்கேயே தங்கிவிடும். அந்தச் சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்ப்பால் இழுக்க முடியாது. பிளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் சூடாகிப் படுத்துக்கொண்டாலும் வண்டி இதே மாதிரிதான் நிற்கும், ஆறினால் கிளம்பும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

அடுத்த முறை நின்றவுடன் சீட்டைத் தூக்கினேன். ஏர் ஃபில்டர் மூடியை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டர் கேபிளைக் கையால் இழுத்தேன். கார்புரேட்டர் தொண்டைக்குள் பெட்ரோல் சுர்ரென்று பீச்சியது. சரி, பெட்ரோல் வருகிறது. மூடியை மறுபடி போட்டுவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த பழைய பிளக்கை ஒரு பிளக் ஒயரில் செருகி, அதன் இரும்பு உடம்பு இன்ஜினில் படும்படி வைத்தேன். ரப்பர் மூடியை மட்டும் காய்ந்த துணியால் பிடித்துக்கொண்டேன். கூட வந்த மச்சான் சாவியைத் திருகினார். சட்சட்டென்று நீலமாக அடிக்க வேண்டிய நெருப்புப் பொறி, மஞ்சளாக ஒன்று மினுங்கியதோடு சரி. அப்புறம் அதுவும் இல்லை.

இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. சாவியை அணைத்துவிட்டுக் காயிலைத் தொட்டேன், விரல் வைக்க முடியவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து, ஒயர் முனைகளில் ஈரம் படாமல் காயிலின் உடம்பில் மட்டும் சுற்றினேன். பெட்ரோல் பம்ப் பக்கம் கையே வைக்கவில்லை, அதையும் நனைத்தால் எது ஆறியதால் சரியானது என்று தெரியாது. ஐந்து நிமிடத்தில் துணி வெதுவெதுப்பாகிவிட்டது. மறுபடி திருகச் சொன்னேன், பொறி நீலமாக அடித்தது. பிளக் ஒயரைத் திரும்ப மாட்டியதும் வண்டியும் பிடித்துக்கொண்டது. அத்தனை நாள் அலைச்சலுக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது எனக்கு.

காயிலுக்குள் முடி மாதிரி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். அதன் பூச்சு வயதாகிக் கெட்டுப்போனால் சூட்டில் பழுது தலைகாட்டும், ஆறியதும் மறைந்துவிடும். பெரியவரிடம் சொன்னதும் புதுக் காயில் போட்டார். பழைய பிளக் ஒயர்களை வளைத்துக் காட்டினார், உறை வெடித்திருந்தது. கரண்ட் சரியாகப் போகாவிட்டால் காயிலுக்குத்தான் பாரம் என்று அவற்றையும் மாற்றச் சொன்னார், மாற்றினோம்.

மே மாதம் முழுக்க ஸ்ரீபுரம் கூட்டத்துக்குள்தான் போய் வந்தோம். ஒரு நாளும் நிற்கவில்லை. பழைய பிளக்கைத் துணியில் சுற்றி வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.