பூசணிக்கு ஜோடி சேத்த கதை

நாங்க இருக்கறது இங்கிலாந்துல, லிங்கன்ஷயர் பக்கம் ஒரு கிராமம். வீட்ல ரெண்டு பன்னி, பூசணி, உருண்டைன்னு, ரெண்டும் காயடிச்ச ஆண். குனேகுனே ஜாதி, நியூசிலாந்து இனம், அங்க இருக்கற பூர்வகுடிகளோட மாவோரி பாஷைல அந்தப் பேருக்கே கொழுகொழுன்னுதான் அர்த்தம். போன அக்டோபர்ல உருண்டை செத்துட்டான்.

இங்க செல்லமா வளர்த்தாலும் சட்டத்துக்கு பன்னி பண்ணை மிருகம்தான், தோட்டத்துல புதைக்கக் கூடாது, லைசென்ஸ் உள்ள ஆளு வண்டில வந்து எடுத்துட்டுப் போகணும். வண்டி வர மதியம் ஆயிடுச்சு, அதுவரைக்கும் பூசணியை கிட்ட விட்டோம். மோந்து பாத்தான், மூக்கால ரெண்டு தடவை நெம்பிப் பாத்தான், அப்புறம் பக்கத்துலயே படுத்துட்டான். அதுக்கப்புறம் மூணு வாரம் கொட்டகைக்குள்ள காலே வைக்கல, மழைல வேலியோரமா கெடந்தான், வாளி சத்தம் கேட்டா பாய்ஞ்சு வர்றவன் பாதித் தீனிய வச்சிட்டுப் போயிடுவான்.

அம்மா மதுரைல இருந்து போன்ல, "மிச்ச சோத்தப் போடுடா, திங்கும்"னாங்க. கறி சமைக்கிற கிச்சனுக்குள்ள போன எதையும் பன்னிக்குப் போடக் கூடாதும்மா, 2001ல கோமாரி வந்ததுல இருந்து இங்க அப்படித்தான்னேன். மரத்துல இருந்து விழுந்த ஆப்பிளை அப்படியே போடலாம், அதையே எடுத்துட்டுப் போய் கிச்சன் மேடைல வச்சிட்டா போடக் கூடாது. அம்மா நம்பவே இல்ல. இன்னொரு பன்னி தேடுறேன்னு சொன்னதுக்கு, "உனக்குப் பொண்ணு பாக்கக்கூட நான் இவ்ளோ அலையலடா"ன்னாங்க.

குட்டி வாங்கலாம்னுதான் மொதல்ல நெனச்சோம். பக்கத்துப் பண்ணைப் பெரியவர் வேண்டாம்னுட்டார், பூசணி எழுபது கிலோ, கோவத்துல ஒரு தள்ளு தள்ளினா குட்டி என்ன ஆகும். அதனால ஒன்றரை வயசுல, கிட்டத்தட்ட அதே சைஸ்ல, காயடிச்சது ஒண்ணு கெடச்சுது. லட்டு. ஆன்லைன்ல மூவ்மென்ட் லைசென்ஸ், அதாவது பன்னிய எடம் மாத்தறதுக்கான அனுமதி, போட்டு கூட்டிட்டு வந்தோம். புதுப் பன்னி வந்து எறங்கின நாள்ல இருந்து 20 நாளைக்கு நம்ம எடத்துல இருந்து எந்தப் பன்னியும் வெளிய போகக் கூடாது, அதாவது ஒத்துவரலன்னாலும் உடனே திருப்பி அனுப்ப முடியாது. இத யோசிச்சே எனக்குத் தூக்கம் போச்சு.

மொத பத்து நாள் நடுவுல கம்பி வேலி. பூசணி வாயில நுரை தள்ள வேலிக்கு இந்தப் பக்கம் நடந்துட்டே இருந்தான், லட்டு அந்தப் பக்கம். படுக்கை வைக்கோலை ஆளுக்குக் கொஞ்சம் மாத்திப் போட்டோம், வாசனை பழகட்டும்னு. ஏழாம் நாள் வேலியோட ஒட்டி ரெண்டும் படுத்துருந்ததப் பாத்து, சரி ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.

எங்க ஆச்சு. பதினோராம் நாள் ரெண்டுமே மிதிக்காத காலி புல்வெளில விட்டோம், ஓடித் தப்பிக்க எடம் வேணும், மூலைல மாட்டக் கூடாது. ரெண்டு நிமிஷத்துல தோளோட தோள் முட்டி, சுத்திச் சுத்தி, காதைக் கடிச்சு ஒரே அலறல். அந்த சத்தம் கேட்டா கொலை நடக்குதுன்னுதான் தோணும். லட்டு காதுல ரத்தத்தப் பாத்ததும் நான் பலகைய நடுவுல விட்டுப் பிரிச்சுட்டேன். பெரியவர் திட்டின திட்டு இருக்கே, யாரு பெரியவன்னு முடிவாகறதுக்குள்ள பிரிச்சா நாளைக்கு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும், கீழ விழுந்தும் விடாம கடிச்சாத்தான் பலகைன்னார்.

அதேதான் நடந்துச்சு. மறுநாள் மறுபடி மொதல்ல இருந்து. என் பொண்டாட்டி பாக்க முடியாம உள்ள போயிட்டா, நான் பலகையப் புடிச்சுட்டு இருபது நிமிஷம் சும்மா நின்னேன், அதுதான் இருக்கறதுலயே கஷ்டம். கடைசில லட்டு திரும்பி ஓடினான், பூசணி கொஞ்ச தூரம் தொரத்திட்டு வந்து புல்லு மேய ஆரம்பிச்சுட்டான், ஒண்ணுமே நடக்காத மாதிரி.

ராத்திரி தனித்தனியாத்தான் அடைச்சோம், இன்னும் சில நாள். பதினெட்டாம் நாள் காலைல பாத்தா லட்டு தடுப்பைத் தள்ளிட்டு பூசணி கொட்டகைக்குள்ள படுத்துருக்கான், உருண்டை படுக்கற எடத்துல. பூசணி முதுகைக் காட்டிட்டுப் படுத்துருந்தான், ஆனா உள்ளதான் இருந்தான்.

தீனி மட்டும் இன்னும் பதினஞ்சு அடி தள்ளி ரெண்டு தட்டு. பூசணி தன்னோடத பாதி தின்னுட்டு லட்டு தட்டுக்குப் போவான், லட்டு பேசாம பூசணி தட்டுக்கு மாறிப்பான்.