கல்லணை முதல் பூம்புகார் வரை: நான்கு நாள், ஆறு சைக்கிள், ஒரு கட்டுமலை

மவுண்டன் பைக் வாங்கிய நாளிலிருந்து ஊரில் என்னைக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மலை எங்கே தம்பி இருக்கிறது?" நான் இருப்பது பாபநாசத்துக்குப் பக்கம். இங்கே வரப்பைவிட உயரம் வாய்க்கால் கரை, அதைவிட உயரம் ஆற்றங்கரை, அதற்கும் மேலே கோபுரம். அவ்வளவுதான். ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் பந்தயத்தின் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, எட்டு நாள் இருவர் இருவராக மலையேறி இறங்கும் அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது. அங்கே 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, ஏறக்குறைய 15,000 மீட்டர் ஏறுகிறார்கள். நாங்கள் நான்கு நாளில் 162 கிலோமீட்டர் ஓட்டினோம். ஏறிய உயரம், சைக்கிளில் மாட்டியிருந்த மானி சொன்னபடி, 214 மீட்டர். அதில் பெரும்பகுதி கரையிலிருந்து படுகைக்கு இறங்கி மறுபடியும் கரைக்கு ஏறியதுதான்.

பந்தயம் என்பது நாங்களாக வைத்துக்கொண்ட பெயர். மூன்று ஜோடி, ஆறு பேர். நடத்துகிறவர்களும் நாங்கள், கைதட்டுகிறவர்களும் நாங்கள். கேப் எபிக்கில் ஜோடியில் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. அந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டோம். நாங்களாகச் சேர்த்தவை இரண்டு: ஊருக்குள்ளும் தார்ச்சாலையிலும் கடிகாரம் ஓடாது, ஆற்றங்கரை மண்பாதையில் மட்டும் ஓடும், எக்காரணம் கொண்டும் யார் வயலிலும் இறங்கக்கூடாது. மீறியவர் அன்று மாலை ஆறு பேருக்கும் காபி வாங்கித் தர வேண்டும்.

பிப்ரவரி கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது வழக்கம். மூடிய பிறகு ஆறு வற்றி, கரை மண் இறுகிவிடும். அதற்கு முன்னால் வந்தால் களிமண் சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் முன்கவைக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சைக்கிளை நகரவிடாது. மார்கழியில் பயிற்சிக்குப் போய் இரண்டு முறை சைக்கிளைத் தோளில் சுமந்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். சித்திரை வரை தள்ளிப்போட்டால் வெயில்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, ஆறு வருடப் பழைய வண்டி. ஒரே ஒரு மாற்றம் செய்தேன்: டியூபை எடுத்துவிட்டு டயருக்குள் ரப்பர்ப்பால் கலவையை ஊற்றி டியூப்லெஸ் ஆக்கினேன். டெல்டாவில் ஓட்டுகிற யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். மலையில் கல் டயரைக் கிழிக்கும். இங்கே நெருஞ்சி முள்ளும் சீமைக் கருவேல முள்ளும் நூறு இடத்தில் குத்தும். முள் குத்திய இடத்தில் பால் கசிந்து உறைந்து, ஓட்டை தானாக அடைபடும். என் ஜோடி என் அத்தை மகன், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். "டியூப் போதும் மச்சான், பெடலை மிதித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றான். முதல் நாள் மட்டும் அவனுக்கு மூன்று பஞ்சர். காற்று எனக்கு முன்னால் 24 பவுண்டு, பின்னால் 26. மணல் வந்தால் 18 வரை இறக்கினேன்.

இனி கேமரா. என் உண்மையான போராட்டம் அதோடுதான்.

முதல் நாள், காலை ஆறு மணி, கல்லணை. கொள்ளிடத்தின் பக்கம் இன்னும் இருட்டு, பாலத்தின் விளக்குகள் பனியில் கரைந்துகொண்டிருந்தன. இதைவிட நல்ல தொடக்கக் காட்சி யாருக்குக் கிடைக்கும் என்று நெஞ்சில் கட்டிய ஆக்‌ஷன் கேமராவை ஓடவிட்டுக் கிளம்பினேன். இரவு திருவையாற்றில் போட்டுப் பார்த்தால் முதல் இருபது நிமிடமும் கஞ்சி. ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி வெளிச்சம் இருந்தால்தான் வேலை செய்யும். இருட்டில் கேமரா தானாகவே ஷட்டரை மெதுவாக்கிவிடுகிறது; ஒவ்வொரு சட்டகமும் ஏற்கனவே கலங்கித்தான் பதிவாகிறது; கலங்கிய படத்தை அசையாமல் நிறுத்தி வைத்து என்ன பயன்? மறுநாளிலிருந்து ஷட்டரை நொடியில் 120இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்காதபடி பூட்டிவிட்டு, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 1600 வரை போகவிட்டேன். படம் கொஞ்சம் மணல் மணலாக இருக்கும். கஞ்சிக்கு மணல் எவ்வளவோ மேல்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். லென்ஸ் கவசத்தையும் துளைக்கும் என்பது கோவிலடி தாண்டியபோது தெரிந்தது. கண்ணாடிக்கு உட்புறம் ஈரம் படிந்துவிட்டது. திருக்காட்டுப்பள்ளி டீக்கடை அடுப்புப் பக்கம் ஐந்து நிமிடம் வைத்து உலர்த்தினேன். கடைக்காரர் அதற்கும் சேர்த்து ஒரு டீயைக் கணக்கில் எழுதினார் என்று இன்னும் சந்தேகம்.

அன்று மாலை இன்னொன்றும் உறைத்தது. படத்தில் நாங்கள் வேகமாகவே போகவில்லை. மண்பாதையில் மணிக்கு 24 கிலோமீட்டரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனது, அகலக் கோண லென்ஸில் மாட்டு வண்டிப் பயணம் போல இருந்தது. மலைச்சரிவைக்கூடத் தட்டையாக்கிக் காட்டும் லென்ஸ் அது. ஏற்கனவே தட்டையான தஞ்சாவூரை என்ன செய்யும்? படத்தின் நடுவே ஒரு கோடு, மேலே வானம், கீழே மண், ஓரத்தில் பனைமரம். மூன்று மணி நேரமும் அதேதான்.

இரண்டாம் நாள் கேமராவை இறக்கி, முன்கவையில், தரைக்கு ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் கட்டினேன். நாணலும் கோரையும் முகத்தில் அறைவது போல வர ஆரம்பித்தன. வேகம் என்பது பக்கத்தில் எவ்வளவு நெருக்கமாக ஏதோ ஒன்று ஓடுகிறது என்பதுதான். அத்தோடு, டெல்டாவில் மட்டும் கிடைக்கிற ஒரு காட்சியும் அகப்பட்டது. கபிஸ்தலத்துக்கு முன்னால் ஒரு வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அத்தை மகனை அக்கரைக்கு அனுப்பிவிட்டு இக்கரையில் அவனுக்கு இணையாக ஓட்டினேன். நடுவில் தண்ணீர், அதில் தலைகீழாக இன்னொரு சைக்கிள். நாற்பது விநாடிதான். ஆனால் அவன் மறுபடி இக்கரைக்கு வர ஒரே வழி, இரண்டு பழைய மின்கம்பங்களைக் குறுக்கே போட்டு வைத்திருந்த பாலம். இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான். மூன்றரை நிமிடம் போயிற்று. இரண்டு நிமிட விதி உடைந்தது. காபி என் கணக்கில்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. அரை மணி கழித்து, ஆற்றின் மறுபக்கத்தில் என் ஊர்த் தென்னைகள் தெரிகிற தூரத்தில், விழுந்தேன். அறுவடை இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் ஈரமாக இருந்தபோது பதித்த தடம், காய்ந்து சிமெண்டு போல இறுகிக் கிடந்தது. முன்சக்கரம் அதற்குள் இறங்கிவிட்டால் ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாது. தடம் போகிற வழிக்குத்தான் நாமும் போக வேண்டும். நான் பிடிவாதமாகத் திருப்பினேன். முழங்கையில் தோல் போயிற்று, கேமரா பிடிப்பு முறிந்தது, கேமரா கரையிலிருந்து உருண்டு கீழே உளுந்து வயலில் போய் விழுந்தது.

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நெற்பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். பிறகு உழவும் இல்லை, பாய்ச்சலும் இல்லை, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது வளரும். அந்த வயல் அப்போதுதான் மஞ்சளாகப் பூவெடுத்திருந்தது. எங்கள் விதி ஒருபக்கம் இருக்கட்டும், பூத்த உளுந்தில் பூட்ஸ் காலோடு இறங்க எனக்கே மனம் வரவில்லை. கரையில் நின்று விழித்துக்கொண்டிருந்தபோது, களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "அங்கேயே நில். நான் எடுத்துத் தருகிறேன்."

கேமரா இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பதினொரு நிமிடப் பதிவு. முதலில் வானம். ஒரு கொக்கு குறுக்கே போகிறது. உளுந்து இலை ஒன்று காற்றில் வந்து வந்து லென்ஸைத் தொடுகிறது. தூரத்தில் நான் முனகுவதும் அத்தை மகன் சிரிப்பதும் கேட்கிறது. பிறகு திரை முழுவதும் அந்த அம்மாவின் முகம், மிக அருகில். "இது டார்ச்சா தம்பி? எரியவில்லையே." படம் எடுக்கும் கருவி என்றேன். முகம் பதிந்திருக்கிறது, பயன்படுத்தலாமா என்று கேட்டதற்கு, "தோடு தெரிகிறதா பார். தெரிந்தால் போடு" என்றார்.

அன்று பிற்பகல் சுவாமிமலையைக் கடந்தோம். மவுண்டன் பைக் ஓட்டிகள் நான்கு நாளில் பார்த்த ஒரே மலை அதுதான், அதுவும் அறுபது படி கொண்ட கட்டுமலை. அடிவாரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, முழங்கையில் மஞ்சள் மருந்தோடு, எல்லோரையும் போல நடந்து ஏறினோம். கும்பகோணத்தில் ஆறு பேரின் டிகிரி காபிக்கும் நான் காசு கொடுத்தேன்.

மூன்றாம் நாளைப் பற்றிச் சொல்ல இருப்பது காற்று மட்டுமே. ஆறு கிழக்கே போகிறது, காற்று கிழக்கிலிருந்து வருகிறது. மலையில் ஏறினால் இறக்கம் உண்டு, இறக்கத்தில் காலுக்கு ஓய்வு உண்டு. எதிர்க்காற்றில் சமதரையில் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். ஆடுதுறை தாண்டி மயிலாடுதுறை வரை இருவரும் மாறி மாறி முன்னால் போய், மற்றவர் ஓரடி இடைவெளியில் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டினோம். நான்கு நாளில் நாங்கள் உண்மையிலேயே பந்தயம் ஓட்டியது அன்றுதான். அன்றைய தினம் இரண்டாவது ஜோடியைவிட ஆறு நிமிடம் முந்தினோம். எடுத்த படம் என்ன தெரியுமா? நாற்பது நிமிடம் அத்தை மகனின் முதுகு. மீதி நேரம் கேமராவைப் போட மறந்துவிட்டேன்.

நான்காம் நாள் குறுகியது. மயிலாடுதுறைக்குக் கீழே காவிரி ஆறு போலவே இல்லை, பெரிய வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. கல்லணையில் பார்த்த அகலத்தை நினைத்துக்கொண்டால் வயிற்றைப் பிசையும். வழியில் கரையை அடைத்துக்கொண்டு ஒரு வாத்துக் கூட்டம், சில நூறு இருக்கும். மேய்ப்பவர் அவசரப்படவில்லை, வாத்துகளும் அவசரப்படவில்லை. நான்கு நிமிடம் கடிகாரத்தை நிறுத்த எல்லா ஜோடிகளும் ஒப்புக்கொண்டார்கள். மேலையூர் கதவணையைத் தாண்டிப் பூம்புகார் மணலுக்குள் நுழைந்ததும் காற்றை 18 பவுண்டுக்கு இறக்கினேன். கடைசி முந்நூறு மீட்டர் அப்படியும் தள்ளிக்கொண்டுதான் போனோம். மொத்தக் கணக்கில் மூன்று ஜோடிகளில் மூன்றாவது, முதல் ஜோடிக்கு 38 நிமிடம் பின்னால்.

இப்போது எடிட்டிங் நிலவரம். நொடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் எடுத்ததால் மணிக்கு ஏறக்குறைய 27 ஜிபி. மொத்தம் 190 ஜிபி, ஏழு மணி நேரம். அதை ஒன்பது நிமிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஒலிதான் பாடாய்ப்படுத்துகிறது. கேமராவின் மைக்கில் காற்றின் இரைச்சல் தவிர ஒன்றுமில்லை. மூன்றாம் நாளிலிருந்து சட்டைப்பைக்குள் போனை வைத்துத் தனியாக ஒலிப்பதிவு செய்து, தொடக்கத்தில் ஒரு கைதட்டல் தட்டி இரண்டையும் பொருத்தினேன். சங்கிலி ஓடும் சத்தமும் எங்கள் மூச்சும் நன்றாகவே கிடைத்திருக்கின்றன. முதல் இரண்டு நாளுக்கு அதே பாதையில் திரும்பவும் ஓட்டி ஒலியை மட்டும் பிடிக்கலாமா என்று யோசித்தேன். அது ஏமாற்றாகும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். உளுந்து வயலின் பதினொரு நிமிடத்தில் இரண்டை வெட்டாமல் வைத்திருக்கிறேன். பார்த்த நண்பர்கள் மூன்று பேருமே அது நீளம் என்கிறார்கள். நீளம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவுக்குக் காட்டலாம் என்று போனை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். உளுந்து பிடுங்கி முடிந்திருந்தது. செடிகளைத் தார்ச்சாலையில் பரப்பிவிட்டு, வருகிற வண்டிகளின் சக்கரம் ஏறிக் காய் உடையட்டும் என்று ஓரத்தில் வேப்ப நிழலில் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்தார். தோடு தெரிந்தது. இரண்டாம் முறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் சைக்கிளின் டயரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "பஸ் வர இன்னும் அரை மணி ஆகும். இதன்மேல் நாலு தடவை ஓட்டிவிட்டுப் போ தம்பி."

பதினைந்து தடவைக்கு மேல் ஓட்டினேன். டயருக்கடியில் காய்கள் படபடவென்று வெடித்தன. கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.