பாரிஸ் போகிறீர்களா? கிழமை பாருங்கள்

நம்ம மீனாட்சியம்மன் கோயிலில் மதியம் நடை சாத்தினால் சாயங்காலம் திறந்துவிடுவார்கள். லூவ்ர் அருங்காட்சியகம் அப்படியில்லை, செவ்வாய் முழுக்க மூடல். இன்னொரு அருங்காட்சியகமான ஓர்சேவுக்குத் திங்கள் விடுமுறை. கிழமை பார்க்காமல் திட்டம் போட்டால் லூவ்ர் வாசலிலுள்ள கண்ணாடிப் பிரமிடு முன்னால் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நேரம் குறித்த டிக்கெட்டை மதுரையிலேயே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். 55×35×20 செ.மீ.க்கு மேற்பட்ட பையை லூவ்ருக்குள்ளே விடமாட்டார்கள்.

மோனாலிசா லூவ்ரின் டெனோன் பகுதியில், 711ஆம் அறையில். வெறும் 77×53 செ.மீ. படம், முன்னால் சித்திரைத் திருவிழாக் கூட்டம். அப்படியே திரும்புங்கள்: எதிர்ச்சுவரில் இத்தாலிய ஓவியர் வெரோனீஸ் வரைந்த, பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாணம், கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். பந்தி, கச்சேரி, நாய்கள்கூட உண்டு. என்னைக் கேட்டால் நின்று பார்க்க வேண்டியது அதைத்தான்.

தோசை ஞாபகம் வந்தால் கார் து நோர் ரயில் நிலையம் பக்கத்தில் லா ஷப்பேல் என்ற பகுதிக்குப் போங்கள். கடைப் பலகைகளே தமிழில் இருக்கும்.